ஏழு என்று யாரும் முதலில் சொல்வதில்லை

கடலைக்காரர் சந்தில் இருக்கும் வளைவுகளின் எண்ணிக்கை ஏழு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இது குறித்து வேறு கருத்துகள் வரும். எடுத்த எடுப்பில் உண்மையைச் சொல்வது எகிப்தில் எங்கள் தன்தா ஊர் வழக்கமல்ல. நீங்கள் என்னிடம் எதுவும் வாங்கப் போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

பருத்தி அறுவடை முடிந்ததும் எங்கள் தர்காவில் எட்டு நாள் கந்தூரி. நைல் டெல்டா கிராமங்கள் அத்தனையும் ரயிலிலும் டிராக்டரிலும் வந்து இறங்கும். தர்கா வாசலுக்குப் போகிற சந்தில், அந்த ஏழு வளைவுகளின் கீழும் அவற்றைச் சுற்றியும் இருநூற்றுப் பன்னிரண்டு தற்காலிகக் கடைகள். முன்பெல்லாம் இந்த இடங்களைப் பிரித்துக் கொடுக்க ஒரு குமாஸ்தாவும் ஒரு மேஜையும் போதும். காலையில் உட்கார்ந்தால் நண்பகல் லுஹர் தொழுகை வரை பேரம். மூன்று தேநீர். இதற்கு மேல் ஒரு பவுண்ட் கொடுத்தால் என் மனைவிக்குத் தலாக் என்று வியாபாரி சத்தியம் செய்வார். இதற்குக் கீழே ஒரு பவுண்ட் இறங்கினால் தன் மனைவிக்குத் தலாக் என்று குமாஸ்தாவும் செய்வார். பிறகு இருவரும் நடுவில் கை குலுக்கிக்கொள்வார்கள். அந்த மேஜையில் சொன்ன சத்தியமெல்லாம் பலித்திருந்தால் ஊரில் ஒரு குடும்பமும் மிஞ்சியிருக்காது.

இது வெளிப்படையாக இல்லை என்று யாரோ கண்டுபிடித்தார்கள். எல்லோர் கண்முன்னும் நடந்ததுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆகவே தேசியப் புதிர் ஒதுக்கீட்டு ஆணையம் பிறந்தது. இனிமேல் இணையத்தில் ஒரு புதிர் வரும். சரியான விடை சொன்னவருக்கு அவர் கேட்ட இடம். ரயில் நிலையத்திலிருந்து தர்கா வரை விளம்பரத் தட்டி கட்டினார்கள்: 'சிந்திப்போம், யூகிப்போம், ஒதுக்குவோம்.' கடைசி வார்த்தையில் அவர்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை.

ஷெஹாதாவுக்கு நாலாவது வளைவு. அவன் அப்பா காலத்திலிருந்தே அந்த இடம்தான். கொண்டைக்கடலைக்குச் சர்க்கரை பூசி விற்பான், எள்ளு மிட்டாயும் போடுவான். மற்ற மாதங்களில் ஜன்னல் வழியே வளைவுகள் தெரியும் ஒரு பின்சந்து அறையில் அடுப்பு வைத்து, சில்லறைக் கடைகளுக்குப் பொட்டலம் போட்டுக் கொடுப்பது அரை வயிற்றுக்கு. அந்த எட்டு நாளில் நாலாவது வளைவின் கீழ் நின்றால்தான் வருஷத்தின் மீதி வயிறு நிறையும். கந்தூரிக்கு முன்னால் ஏழு வளைவுகளுக்கும் அவனே சுண்ணாம்பு அடிப்பான். யாரும் சொல்லவில்லை, யாரும் கூலி கொடுப்பதும் இல்லை. தன் வளைவு மட்டும் வெள்ளையாக இருந்தால் மற்றவர்கள் கண் போடுவார்கள் என்று பயம்.

நான் அவனுக்கு எதிரே, தொழுகைத் தொப்பியும் தஸ்பீஹ் மணியும் விற்கிறவன். பெயர் லபீப். புதிர் வந்த அன்று அவன் அறையில்தான் இருந்தேன். செப்புச் சட்டியில் கடலை பாகோடு உருண்டுகொண்டிருந்தது. அவன் மனைவி இன்சாஃப் சட்டியை ஆட்டிக்கொண்டே எங்களையும் கவனித்துக்கொண்டிருந்தாள். பதினாலு இலக்க அடையாள எண்ணை ஷெஹாதா மூன்று தடவை தப்பாகத் தட்டி, நாலாவது தடவை உள்ளே போனான். புதிர் வந்தது.

'நிற்கிறோம், கால் வலிப்பதில்லை.
குனிகிறோம், கிழவர்கள் இல்லை.
கடலைக்காரர் சந்தில் கைகோத்த அண்ணன் தம்பிகள்.
எத்தனை பேர் நாங்கள்?'

கீழே ஒரு கட்டம். அதற்கும் கீழே: 'மூன்று யூகங்கள் அனுமதிக்கப்படும்.'

இன்சாஃப் சட்டியை நிறுத்தினாள். "அல்லாஹ்வே! நம்ம வளைவுங்கதானே? ஏழுன்னு போடுங்க, ரமீஸ் வாப்பா." மகன் பெயரை வைத்துத்தான் புருஷனைக் கூப்பிடுவாள்.

ஷெஹாதா அவளைப் பார்த்த பார்வையில், இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கை வீணாகப் போயிருந்தது.

"எடுத்தவுடனே ஏழா? முதல் வாய்லயே உள்ளதைச் சொல்றவன் வியாபாரியா? லபீப் அண்ணே, நீங்க சொல்லுங்க."

நான் ஷெஹாதா சொன்னதுதான் சரி என்றேன். எங்கள் ஊரில் முதலில் சொல்லும் எண் சலாம் மாதிரி. அதை யாரும் நம்புவதில்லை, ஆனால் சொல்லாவிட்டால் மரியாதை கெட்டுப்போகும். எடுத்தவுடன் நிஜ எண்ணைச் சொல்கிறவனின் சரக்கில் ஏதோ கோளாறு என்றுதான் நினைப்போம்.

"நாலு," என்று தட்டினான் ஷெஹாதா.

'தவறு. இன்னும் இரண்டு யூகங்கள் உள்ளன.'

"பாத்தீங்களா அண்ணே! மூணுன்னு சொன்னவன், வாயைத் தொறந்தவுடனே ரெண்டுக்கு எறங்கிட்டான். ஆளு நம்மளைவிடப் பசியில இருக்கான்."

"அது போன்ங்க. அதுக்கு என்ன பசி?" என்றாள் இன்சாஃப்.

"போனுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருப்பான்ல? நீ பாகைப் பாரு, கருகுது."

ஐந்து என்று தட்டினான். 'தவறு. இன்னும் ஒரு யூகம் உள்ளது.'

ஷெஹாதா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வாய் தேநீர் குடித்தான். பேரத்தில் இது ரொம்ப முக்கியமான வாய். "அவன் மூணுலேர்ந்து ஒண்ணுக்கு வந்துட்டான். நான் நாலுலேர்ந்து அஞ்சுதான் போயிருக்கேன். இப்ப நான் ஆறுன்னா, அவன் வெக்கப்பட்டு ஏழுன்னு சொல்லுவான். கையக் குலுக்கிட வேண்டியதுதான்."

"நீங்களே ஏழுன்னு சொன்னா என்ன?"

"அவன் வாயால வரணும்டி. அப்பதான் நாளைக்குப் பேச்சு மாற மாட்டான்."

ஆறு என்று தட்டினான்.

'உங்கள் யூகங்கள் தீர்ந்துவிட்டன. பங்கேற்றமைக்கு நன்றி.' கட்டம் சாம்பல் நிறமானது.

அதற்கும் எங்களிடம் வழி இருக்கிறது. பேரம் படியாவிட்டால் எழுந்து நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் நிஜமாகவே போகிறான் என்று விட்டுவிடுவார்கள். மெதுவாக, செருப்புச் சத்தம் கேட்கும்படி, கூப்பிடு தூரத்துக்குள் நடக்க வேண்டும். அவர்கள் முதல் தடவை கூப்பிடும்போது திரும்பக் கூடாது, அது கெஞ்சல். இரண்டாவது தடவை கூப்பிட்டால் திரும்பலாம். ஷெஹாதா போனை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தான். சந்தில் இறங்கி ஒன்றாம் வளைவு, இரண்டாம் வளைவு என்று மெதுவாக நடந்தான். ஏழாவது வளைவின் கீழ் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் இன்சாஃபும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது கூப்பிடவில்லை.

நான் என்ன தட்டினேன் என்று கேட்காதீர்கள். மூன்றில் தொடங்கினேன்.

பத்து நாள் கழித்து ஆணையம் முடிவை வெளியிட்டது. பங்கேற்றவர்கள் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். சரியான விடை சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. அறிக்கையின் தலைப்பு: 'நூறு சதவீத நேர்மை. ஒருவருக்கும் சலுகை இல்லை.' கந்தூரிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களும் காலி.

"ஒருத்தர்கூடவா ஏழுன்னு போடல?" என்றாள் இன்சாஃப்.

ஷெஹாதா யோசித்தான். "நம்ம ஊர்க்காரன் எவன் போடுவான்?"

அவன் வீட்டில் எட்டு நாளுக்கான கடலை பூசி முடித்து மூட்டை கட்டியாகிவிட்டது. ஈரக்காற்று பட்டால் பூச்சு பிசுபிசுத்துவிடும். அதைத் திரும்ப உரிக்கவும் முடியாது. ஆகவே ஆணையத்தில் மேல்முறையீடு செய்யப் புறப்பட்டான். எனக்கு வாய் நன்றாக இருக்கும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. கூடப் போனேன்.

ஆணையம் ஒரு பழைய பருத்தி கம்பெனிக் கட்டடத்தில் இருந்தது. கூடத்தில் ஒன்பது ஜன்னல்கள். ஒன்றின்மேலும் பலகை இல்லை. ஷெஹாதா காவலாளியையும் பெரிய அதிகாரிபோல 'பாஷா' என்றழைத்துப் பணிவாகக் கேட்டான்.

"மேல்முறையீடு எந்த ஜன்னல் பாஷா?"

"அதை நீங்கதான் யூகிக்கணும் ஹாஜி." அவன் ஒரு சீட்டு கொடுத்தான். அதில் மூன்று வட்டங்கள். "தப்பா நின்னா ஒரு முத்திரை. மூணு முத்திரை விழுந்தா வாசல் அந்தப் பக்கம்."

"ஒரு பலகை எழுதி மாட்டக் கூடாதா?"

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தான். "சத்தமாப் பேசாதீங்க. பலகை வெச்சா விடையை வெளியிட்ட மாதிரி. போன மாசம் ஒருத்தர் கழிப்பறைக் கதவுல 'கழிப்பறை'ன்னு எழுதிட்டாரு. விசாரணை நடக்குது."

கூட்டம் இருக்கிற கடையில்தான் சரக்கு நன்றாக இருக்கும் என்று ஷெஹாதா நீளமான வரிசையில் நின்றான். ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்தது, அது ஊழியர்களுக்குத் தேநீர்ச் சீட்டு கொடுக்கும் ஜன்னல். முத்திரை. அப்படியானால் இந்த இடத்தில் எல்லாம் தலைகீழ் என்று ஆளே இல்லாத ஜன்னலுக்குப் போனான். உள்ளே இருந்தவர் எழுந்து நின்று வரவேற்றார். அது தவறான ஜன்னலுக்கு வந்தவர்களைப் பதிவு செய்யும் ஜன்னல். எட்டு மாதத்தில் தன்னிடம் வந்த முதல் ஆள் என்று சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, அப்ப நான் சரியான ஜன்னலுக்குத்தானே வந்திருக்கேன்? நான் தவறான ஜன்னலுக்கு வந்தவன்."

"தவறான ஜன்னலுக்கு வந்ததைப் பதியற சரியான ஜன்னலுக்கு வந்திருக்கீங்க. ஆனா உங்களுக்கு வேண்டியது மேல்முறையீடு. அதனால தவறு." ரொம்ப மென்மையாக முத்திரை வைத்தார்.

ஒரு வட்டம் மிச்சம். கூடத்தின் கோடியில் ஓர் அம்மாள் குட்டிக் கத்திரிக்காய்களைக் குடைந்து ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் அரிசி அடைக்க வேண்டியதுதான் பாக்கி. "இந்தக் கட்டடத்துல ஏதோ வேலை செய்யிற ஒரே ஆள் அவங்கதான்," என்றேன் நான். போனோம். அதுதான் மேல்முறையீடு. பெயர் மதாம் சுஹைர்.

"சொல்லுங்க கண்ணு," என்றார் கத்தியை நிறுத்தாமல்.

"மதாம், விடை ஏழு. எனக்கு அது தெரியும். பொறந்ததுலேர்ந்து தெரியும். வருஷா வருஷம் நான்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன்."

கத்தி நின்றது. "முன்னாடியே தெரியுமா?"

"ஆமாங்க."

"மெதுவா பேசுங்க! விதி நாலு என்ன சொல்லுது? யூகம் மட்டும்தான் ஏற்கப்படும். தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பதில் சொல்றது மோசடி. நீங்க மட்டும் ஏழுன்னு போட்டிருந்தீங்க, இன்னிக்கு என் முன்னாடி நிக்க மாட்டீங்க, நீதிபதி முன்னாடி நிப்பீங்க. ஆண்டவன் உங்களுக்குத் தப்பாப் போடற புத்தியைக் கொடுத்தான். உங்க அம்மா செஞ்ச துஆ."

"அப்ப தெரியாதவங்கதான் ஜெயிக்கணுமா, மதாம்?"

"தெரியாதவங்க எல்லாரும் சமம், கண்ணு. தெரிஞ்சவங்கதான் ஒருத்தருக்கொருத்தர் வித்தியாசப்படறாங்க. சமத்துவத்துக்குத்தானே இவ்வளவு பாடும்." ஒரு கத்திரிக்காயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, குடைந்தது போதும் என்று கீழே வைத்தார். "எண்ணிக்கையில சந்தேகம்னா தொழில்நுட்பப் பிரிவு. மாடியில இன்ஜினியர் மம்தூஹ். நான் அனுப்பினேன்னு சொல்லாதீங்க. அவரே யூகிக்கட்டும்."

இன்ஜினியர் மம்தூஹ் நல்ல மனிதர். சுவரை அடைத்து ஒரு வரைபடம் வைத்திருந்தார். ஷெஹாதா சொன்னதையெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டார். கடைசியில் சிரித்தார்.

"ஏழா? ஏழுன்னா தன்தா முழுக்கத் தெரியுமே! அப்புறம் அது என்ன புதிர்? ஊருக்கே தெரிஞ்ச விடையை வெச்சா கெய்ரோவுல எங்களை என்ன நினைப்பாங்க?"

"ஆனா இருக்கறது ஏழுதானே பாஷா?"

"தரையில ஏழு. அதை நான் மறுக்கல. இங்க பாருங்க." வரைபடத்தில் விரலை ஓட்டினார். "மூன்றாம் கட்ட விரிவாக்கத்துல இந்தப் பக்கம் நாலு வளைவு கட்டறோம். ஒப்புதல் வந்தாச்சு. ஆக மொத்தம் பதினொண்ணு. ஆணையம் ஒப்புதல் வந்ததைத்தான் எண்ணும். தரையில இருக்கறதை எல்லாம் எண்ணிக்கிட்டிருந்தா நாடு எப்ப முன்னேறும்?"

ஷெஹாதா தன் கைகளைப் பார்த்தான். நகத்தில் இன்னும் வெள்ளை ஒட்டியிருந்தது. "நான் சுண்ணாம்பு அடிச்சது ஏழுக்குத்தான்."

"அப்ப நாலு பாக்கி வெச்சிருக்கீங்க," என்றார் இன்ஜினியர், கொஞ்சம் கண்டிப்பாக. பிறகு இரக்கப்பட்டு, "வியாழக்கிழமை பொதுமக்கள் கருத்துக் கேட்பு இருக்கு. இணையப் புதிர்ப் போட்டியில யூகத்துக்கு வரம்பு வேணுமா வேண்டாமான்னு. யாருமே ஜெயிக்கலங்கறதால அமைச்சகத்துல கேட்டிருக்காங்க. பொதுமக்கள் பிரதிநிதி ஒருத்தர் பேசணும். மேல்முறையீட்டு ஜன்னலைச் சரியாக் கண்டுபிடிச்சவங்க மட்டும்தான் தகுதி. இதுவரைக்கும் நீங்க ஒருத்தர்தான்."

படியிறங்கும்போது ஷெஹாதாவின் நடையே மாறியிருந்தது. "அண்ணே, அந்த ஆளு விடையைச் சொல்லிட்டாரு, கவனிச்சீங்களா? பதினொண்ணு. அவருக்கே தெரியாம வாய் தவறிட்டாரு."

நான் கவனித்திருந்தேன். தெரிந்து சொல்வது மோசடி என்று மதாம் சுஹைர் சொன்னதும் நினைவிருந்தது. ஆனால் பதினொன்று என்பது யாருக்கும் தெரிய வழியில்லாத எண். அங்கே இல்லாத ஒன்றை ஒருவன் எப்படித் தெரிந்துவைத்திருக்க முடியும்? அது யூகமாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். சட்டப்படி பார்த்தால் நாங்கள் பத்திரமான இடத்தில் இருந்தோம்.

இன்சாஃபிடம் சொன்னபோது அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"இன்னும் எத்தனை தடவை வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணு. ஒரே ஒண்ணு. பதினொண்ணுன்னு போட்டா இடம் கையில."

"அப்ப வியாழக்கிழமை ஒண்ணு வேணும்னு கேளுங்க. அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

நான் இருமினேன். "தங்கச்சி, சபையில போய் எடுத்தவுடனே ஒண்ணுன்னா நல்லா இருக்காது. ஒரு அம்பதுல ஆரம்பிச்சா, அவங்க அஞ்சுன்னு..."

"அண்ணே!" என்றாள் இன்சாஃப். கையில் கரண்டி இருந்தது. "உங்க ரெண்டு பேர் பேரத்தாலதான் இந்தக் கடலை மூட்டையில ஈரம் குடிச்சிக்கிட்டிருக்கு. நாலுல ஆரம்பிச்சது யாரு? இந்த மனுஷன் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லட்டும். சொன்னா நாக்கு வெந்துடாது."

ஷெஹாதா அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தான். தலாக் சத்தியம் இல்லை. நிஜச் சத்தியம்.

வியாழக்கிழமை அதே கட்டடத்தின் மாநாட்டுக் கூடத்தில் பூங்கொத்துகளுக்கு நடுவே ஆணையம் அமர்ந்திருந்தது. தலைவர் டாக்டர் வகீஹ், இன்ஜினியர் மம்தூஹ், கெய்ரோவிலிருந்து வந்த புதிர் நிபுணர் ஒருவர். பொதுமக்களுக்கு ஒரு நாற்காலி. அதில் ஷெஹாதா, புதிதாய்த் துவைத்த ஜிலாபியா அங்கியில். நான் உதவியாளன் என்ற பெயரில் சுவரோரம் நின்றேன்.

கெய்ரோ நிபுணர் முதலில் பேசினார். வரம்பே கூடாது என்பது அவர் கட்சி.

"மரியாதைக்குரியவர்களே, குடிமகனை மூன்று முறை மட்டும் யூகிக்க விடுவது கஞ்சத்தனம். அவன் வாழ்நாள் முழுக்க யூகிக்கட்டும். யூகித்துக்கொண்டே இருக்கிறவன் வேறு எதுவும் கேட்பதில்லை. நான் ஆய்வு செய்திருக்கிறேன். ஒரு கேள்விக்கு விடை தேடுகிறவன் இன்னொரு கேள்வி கேட்பதற்குச் சராசரியாக ஒன்பது மாதம் ஆகிறது."

கைதட்டினார்கள். இன்ஜினியர் மம்தூஹ் மறுத்தார்.

"ஐயா சொல்றது அழகா இருக்கு. ஆனா வரம்பு இல்லேன்னா ஒண்ணுலேர்ந்து வரிசையாப் போட்டுக்கிட்டே வந்து பதினோராவது தடவை எல்லாரும் ஜெயிச்சிடுவாங்க." அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். "அதாவது, ஏதோ ஒரு தடவையில. எல்லாரும் சரின்னு ஆயிட்டா நாங்க எதுக்கு? என் யோசனை வரம்பு சைபர். யூகமே கிடையாது. போட்டி நடக்கும், பரிசு இருக்கும், யாரும் தப்புப் பண்ண மாட்டாங்க. உலகத்துலயே சுத்தமான போட்டி அதுதான்."

இதற்கும் கைதட்டினார்கள். முன்னதற்குத் தட்டியவர்களே தட்டினார்கள்.

தலைவர் டாக்டர் வகீஹ் மைக்கை இழுத்துக்கொண்டார். தொண்டையைச் செருமியதற்கே கூடம் நிமிர்ந்தது.

"இந்த ஆணையம் மக்கள் ஆணையம். நாங்கள் எதையும் திணிப்பதில்லை. மக்கள் என்ன கேட்கிறார்களோ, அதை ஆலோசித்து, குறைத்து, கொடுக்கிறோம். ஆகவே மக்கள் பிரதிநிதியைக் கேட்கிறேன். ஹாஜி ஷெஹாதா, ஒரு போட்டியாளருக்கு எத்தனை யூகம் வேண்டும்? தயங்காமல் கேளுங்கள்." அவர் முன்னால் ஒரு மூடிய கோப்பு இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஒரு வாய் தேநீர் குடித்தார்.

அந்த வாயை நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வாய் அது. என் கால் தானாக ஓர் அடி முன்னால் போனது. ஷெஹாதாவை எப்படியாவது தடுக்க வேண்டும் என்று இருமினேன். காவலாளி என்னை முறைத்தான்.

ஷெஹாதா எழுந்து நின்றான். இன்சாஃபுக்குக் கொடுத்த சத்தியம் அவன் முகத்தில் தெரிந்தது.

"ஒண்ணு போதுங்க."

தலைவர் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஒன்றா?"

"ஒண்ணுதாங்க ஐயா. அதுக்கு மேல வேண்டாம்."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றா?"

"உள்ளதைச் சொல்றேன். ஒண்ணு."

தலைவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு மைக்கை இன்னும் நெருக்கமாக இழுத்தார். குரல் தழுதழுத்தது.

"மக்களே! மூன்று யூகங்கள் கொடுத்து உங்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டோமோ என்று நான் தூங்காமல் இருந்தேன். இன்று ஒரு சாதாரணக் கடலை வியாபாரி, ஒன்று போதும் என்கிறார். இந்தச் சிக்கனத்துக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். மக்கள் கோரிக்கையை ஒரு எழுத்தும் குறைக்காமல் ஏற்கிறோம். வரம்பு ஒன்று. போட்டி தொடங்கிய நாளிலிருந்தே அமலுக்கு வருகிறது."

கூடம் எழுந்து நின்று கைதட்டியது. ஷெஹாதாவுக்கு மாலை போட்டார்கள். அவன் மாலையோடு மேடைக்குப் போனான்.

"ஐயா, அப்ப அந்த ஒண்ணை நான் இப்பவே போட்டுடலாமா? போன் கையில இருக்கு."

"எந்த ஒன்று?"

"எனக்கு வேணும்னு கேட்டனே, அது."

இன்ஜினியர் மம்தூஹ் ஒரு தாளைப் பார்த்தார். "உங்களுக்கு அனுமதிச்சது ஒண்ணு. நீங்க ஏற்கெனவே பயன்படுத்தினது மூணு. ரெண்டு அதிகம். அடுத்த ரெண்டு வருஷப் போட்டியில கழிச்சுக்குவோம்." விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "மத்த நாலாயிரத்து முந்நூத்துப் பதினோரு பேருக்கும் இதே கணக்குதான். நீங்க மட்டும்னு மனசு கஷ்டப்பட வேண்டாம்."

நல்லதுக்குச் சொல்கிறார் என்று தெரிந்தது. நான் மேடையேறி, ஊரில் எனக்கு இருக்கும் பெயரைக் காப்பாற்ற முயன்றேன்.

"டாக்டர் பாஷா, கந்தூரிக்கு நாலு நாள்தான் இருக்கு. கடலை ஈரம் குடிக்குது. எட்டு நாள் நின்னாத்தான் இவன் வீட்டுல வருஷம் பூரா அடுப்பு எரியும். ஒண்ணுன்னு சொன்னது இன்னும் ஒண்ணுங்கற அர்த்தத்துல. நாம திரும்பப் பேசலாமே?"

டாக்டர் வகீஹ் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார். மைக் இல்லாதபோது அவரும் எங்கள் ஊர்க்காரர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"என்ன மனுஷங்கய்யா நீங்க?" என்றார் கிசுகிசுப்பாக. கோப்பைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு தாள். 'இருபது வரை கொடுக்கலாம்' என்று அமைச்சகத்தின் கையெழுத்து. "இருபது கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவர் நூறுன்னு ஆரம்பிப்பாரு, நான் நெஞ்சைப் பிடிச்சுப்பேன், நாப்பதுக்கு வருவாரு, நான் எழுந்து போறேம்பேன், பன்னெண்டு பதினஞ்சுல முடிச்சுக் கை குலுக்கலாம்னு பாத்தா, எடுத்தவுடனே ஒண்ணுங்கறாரு. சபையில, மைக் முன்னாடி! நான் ரெண்டு தடவை கேட்டேன், 'ஒன்றா, ஒன்றா'ன்னு. கையக் காலை ஆட்டாத குறை. அதுக்கு மேல ஒரு தலைவர் எப்படிய்யா ஏத்திக் கேக்கறது? எங்க அப்பா இந்தச் சந்துல துணிக்கடை வெச்சிருந்தவரு. கபர்ல புரண்டிருப்பாரு."

"இப்ப ஏதாவது..."

"பதிவாயிடுச்சு." அவர் கோப்பை மூடினார். கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன. "யாரு அவருக்கு உண்மையைச் சொல்லச் சொன்னது?"

இன்சாஃபைப் பற்றி அந்நிய ஆளிடம் சொல்வது முறையல்ல.

நான் திரும்பி வந்தபோது ஷெஹாதா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்திருந்தான். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெரிய பேரங்களில் அவன் வைத்துக்கொள்ளும் முகம் அது. "வாங்க அண்ணே, போலாம்," என்று கொஞ்சம் உரக்கச் சொன்னான். கூடத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி.

நடந்தான். வேகமாக அல்ல. செருப்பு ஒவ்வோர் அடிக்கும் தரையில் சப்தமிட்டது. அந்தப் பருத்தி கம்பெனிக் கட்டடத்தின் தாழ்வாரம் நீளமானது. நான் அவன் பக்கத்தில் அதே அளவு மெதுவாக நடந்தேன். மேலே தூண்களுக்கு நடுவே வளைவுகள் இருந்தன. அவன் அவற்றை எண்ணுகிறான் என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

பாதி தூரம் போயிருப்போம். பின்னால் ஒரு கதவு திறந்தது.

"ஹாஜி ஷெஹாதா!"

டாக்டர் வகீஹின் குரல். மைக் இல்லாத குரல். ஷெஹாதாவின் கை என் கையைப் பிடித்து அழுத்தியது. நாங்கள் திரும்பவில்லை. முதல் கூப்பாட்டுக்கு எப்படித் திரும்புவது? நானும் அந்தச் சந்தில் பிறந்தவன்தான். செருப்புச் சத்தத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாக்கிக்கொண்டு, இரண்டாவது கூப்பாட்டுக்காகக் காதைப் பின்னால் வைத்துக்கொண்டு நடந்தோம்.

தாழ்வாரம் முடிந்தது. படிக்கட்டும் முடிந்தது. காவலாளி எங்கள் சீட்டை வாங்கிக்கொண்டு வாசலைக் காட்டினான்.

வெளியே வந்தும் ஷெஹாதா திரும்பவில்லை. தெருவில் நின்று, கை நகத்தில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை கூப்பிடுவாங்க அண்ணே," என்றான். "ஒரு தடவையோட யாராவது விடுவாங்களா?"

வரம்பு ஒன்று என்று சற்று முன் அவன்தான் கேட்டு வாங்கியிருந்தான். நான் அதை நினைவுபடுத்தவில்லை. ரயில் நிலையத்தின் பக்கமிருந்து கிராமத்து ஆட்கள் மூட்டைகளோடு இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களிடம் நின்று, கடலைக்காரர் சந்து எந்தப் பக்கம் என்று கேட்டார்.